ஆயுத பூஜைக்குக் கழுவிய ஹெல்மெட்

கிள்ளான்
வியாழக்கிழமை

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். எனக்கு முட்டிவலியும் அப்பாவின் லோரிக்கு கியர்பாக்ஸ் வலியும் வழக்கம்போல் இருக்கின்றன, அது தவிர ஒரு குறையும் இல்லை. நீயும் அந்த வெலிங்டன் காற்றில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் நீ ஓகேம்மா ஓகேம்மா என்று முடித்துவிடுகிறாய், தாளில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். ஏதாவது ஒரு பக்கம் மங்கலாக வந்தால் அவரைத் திட்டு, என்னை இல்லை.

திங்கட்கிழமை, ஹெல்மெட்டை நான் கழுவிவிட்டதைக் கேட்டதும் நீ பரவால்லம்மா என்று சொல்லி போனை வைத்தாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்னப் பிள்ளையில் ஊசி போட்டுக்கொண்டு வரும்போதும் இதே குரலில்தான் ஒன்னும் இல்லம்மா என்பாய், அன்றைக்கெல்லாம் சாயங்காலமே உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அந்த ஹெல்மெட் சனிக்கிழமை கேஎல் காமிக்ஸ் விழாவில் உன் மேசைமேல் இருக்க வேண்டியது. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் நிற்பார்கள், நின்றால்தான் புத்தகத்தைப் புரட்டுவார்கள், அந்தப் பதிப்பாளர்கள் வரும்போது மேசை வெறிச்சோடி இருக்கக்கூடாது என்றெல்லாம் நீ சொல்லியிருந்தாய். இந்த வருஷத்தோடு, சினிமாவுக்குச் சாமான் செய்கிற அந்த வெலிங்டன் பட்டறையில் உன் ஒப்பந்தமும் முடிகிறது, பதிப்பாளர்கள் உன் கதையை எடுத்தால் இனி சொந்தக் கதையே எழுதலாம் என்றும் சொன்னாய். இத்தனையும் தெரிந்திருந்தும் கழுவினேனா என்றால், தெரிந்ததால்தான் அப்படித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். என் பக்கத்தை நீ கேட்கவே இல்லை, இப்போது கேள்.

உன்கூட வேலை செய்யும் மார்க் லீவில் இங்கே பிஜேவுக்கு வந்தபோது ஹெல்மெட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆன்டி, இது தாமரையோட சொந்த வேலை, கம்பெனியோடது இல்ல, பத்திரமா கிஷன்கிட்ட சேர்த்துருங்க என்றான். உன் வேலையில் ஒன்றை நீ என் கையில் ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. திறந்து பார்த்தால் ஒரே கரி, துரு, எண்ணெய்ப் பிசுக்கு, நெற்றிப் பக்கம் சேறு தெறித்த மாதிரி. நான் கிளவ் ஃபேக்டரியில் கியூசியில், தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள். ஒரு கையுறையில் ஒரு புள்ளி இருந்தால் தூக்கிப் போடுவோம், அது எப்படி வந்தது என்று கேட்டதே இல்லை. அதோடு மறுநாள் ஆயுத பூஜை. அப்பா வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார், நான் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையுடைய தொழில் சாமான் வீட்டுக்கு வந்திருக்கு, அதையும் சாமி முன்னால வைப்போம் என்று அப்பாதான் சொன்னார். சாமி முன்னால் வைக்கிற பொருளை அழுக்கோடு வைப்பேனா. எலுமிச்சம்பழத் தோலும் சோப்பும் போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அப்பாவின் ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, சூடம் காட்டினோம். பக்கத்து வீட்டு வள்ளியம்மா வந்து பார்த்துவிட்டு, தாமரை மோட்டார் ரேஸ் ஓட்டுறாளா என்று கேட்டாள். இல்லக்கா, வானத்துல ஓடுற கதைக்குச் சாமான் செய்றா என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

திங்கட்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தேன். நீ எழுதுவதைக் கிஷன் வரைகிறான் என்று தெரியும், எங்கே உட்கார்ந்து வரைகிறான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழே மாலைக் கடை, மேலே அந்தச் சின்ன அறை, சுவரெல்லாம் படம். பையன் துணியைப் பிரித்து ஹெல்மெட்டைப் பார்த்தான், பிறகு பெட்டிக்குள் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். ஆன்டி, இதுல இருந்த அழுக்கு எங்க என்று கேட்டான். நல்லா ஊறிப்போயிருந்துச்சுப்பா, இருந்தாலும் விடல, எடுத்துட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னான், வடிவத்தை மெஷின் அச்சு எடுத்துக் கொடுத்துரும் ஆன்டி, அழுக்குதான் அவ கையால செஞ்சது, வேலை முடிஞ்சு வந்து வாரக்கணக்கா உக்காந்து ஒவ்வொரு பூச்சா போட்டா என்று. பெற்ற பிள்ளையின் உழைப்பை நானே தேய்த்து, சிங்க்கில் ஊற்றிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் முன்னாலேயே அழுதுவிட்டேன், அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

அழுது முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புதிதாகச் செய்த பொருளை எதற்கம்மா பழசாக்குகிறீர்கள்? கிஷனைக் கேட்டேன். புதுசா இருந்தா பொம்மைன்னு தெரிஞ்சிரும் ஆன்டி, யாரோ இதைப் போட்டு வேலை செஞ்சிருக்காங்கன்னு பார்க்கிறவங்க நம்பணும்லா என்றான். சரி, அந்தத் துருவை எங்கே வைப்பது, கரியை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்வது? நீயேவா? திரும்பி வரும்போது கொமுட்டரில் பிடித்து நிற்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கை படுகிற உயரத்தில் மட்டும் அது மின்னுகிறது. வீட்டுக்கு வந்து அப்பாவின் லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஜன்னலில் அவர் முழங்கை வைக்கிற இடத்தில் சாயமே இல்லை, கதவுக்குக் கீழே அவர் செருப்பு உரசி உரசி ஒரு பள்ளம். இத்தனை வருஷம் அதில் ஏறி இறங்கியவள் நான், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. ஏன்டி அதையே பாக்குற, காணாம போனது எதையாவது தேடுறியா என்று அப்பா கேட்டார். உங்க மகளோட வேலையைப் பார்க்கிறேன் என்றேன். அவரும் வந்து நின்று பார்த்தார், பிறகு சாயம் போன இடமெல்லாம் எனக்கே காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் மறுபடியும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். உன் கதையை முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன், கிஷன் படங்களைக் காட்டிக்கொண்டே சொன்னான். வியாழனைச் சுற்றுகிற ஏதோ ஒரு நிலாவில் துறைமுகம், அங்கே கன்டெய்னர் இறக்குகிற மாரி என்ற பெண், அவள் தலையில் அம்மா போட்டிருந்த ஹெல்மெட். துறைமுகம் நம் கிள்ளான் துறைமுகம்தான், அப்பா லோரியோடு வரிசையில் நிற்கிற இடத்தைக்கூட நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் முதல் பக்கத்திலேயே அந்த அம்மாவைக் கொன்றுவிட்டாயே, அவள் உனக்கு என்னம்மா செய்தாள்? கிஷனைக் கேட்டதற்கு, அம்மா உயிரோட இருந்தா அவளை விண்வெளிக்கே விடமாட்டாங்க ஆன்டி, அப்புறம் கதை எங்க என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை நான் விட்டேனா இல்லையா? விமான நிலையத்தில் அழுதேன், ஆனால் விட்டேன். அதை எழுதினால் கதை ஆகாதா? தெரியாமல்தான் கேட்கிறேன், தெரிந்தவள் நீ, பதில் எழுது.

நீ முன்பே அனுப்பியிருந்த ஹெல்மெட் படங்களைப் பார்த்து அதே மாதிரி அழுக்கைத் திரும்பப் பூசிவிடலாம், ஆனா அவ கை மாதிரி வராது என்று கிஷன் இழுத்தான். அவன் பிரஷ்ஷை எடுத்து உட்கார்ந்தபோது, எந்த இடத்தைப் பிடித்துக் கழற்றுவார்கள் என்று கேட்டேன். தெரியல ஆன்டி, போட்டுத்தான் பாருங்களேன் என்று என் தலையில் வைத்துவிட்டான். என் கொண்டை உள்ளே போகவில்லை. பின்பக்கம் சாய்த்து, ஒரு கையால் தாடைப் பக்கம் பிடித்து, இன்னொரு கையால் பிடரியில் அமுக்கி உள்ளே தள்ள வேண்டியிருந்தது. கழற்றும்போதும் அதே கூத்து. பையன் சிரிக்கவில்லை, என் கை படுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஆன்டி, மாரியோட அம்மாவுக்கும் கொண்டை உண்டு, தாமரை அப்படித்தான் எழுதியிருக்கா என்றான். அங்கிள் லோரிலேருந்து கொஞ்சம் கிரீஸ் கிடைக்குமா என்று அடுத்த கேள்வி. புதன்கிழமை ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். இரண்டு உள்ளங்கையிலும் பூசிக்கொண்டு போடு, கழற்று, போடு, கழற்று என்று கழுத்து வலிக்கும்வரை செய்தேன். நான் தொட்ட இடத்திலெல்லாம் அவன் கறுப்பும் துருவும் ஏற்றினான், அடிக்கடி தேய்கிற இடத்தில் மெருகு விட்டான். தாடைப் பக்கம் என் நான்கு விரலும் பதிந்திருக்கின்றன. பிடரியில் உள்ளங்கை முழுவதும் இருக்கிறது, பார்த்தாலே என் கை என்று தெரியும். நெற்றிப் பக்கம் நீ செய்திருந்த சேறு மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை, அங்கே சுத்தமாகத்தான் இருக்கிறது.

படங்கள் இதோடு வரும். நன்றாகப் பெரிதாக்கிப் பார். பிடிக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கிஷனுக்குச் சொல்லிவிடு. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உன் படத்தைப் பார்த்தே செய்து முடிப்பதாகச் சொல்லியிருக்கிறான், பிரஷ்ஷெல்லாம் கழுவாமல் காத்துக்கொண்டிருக்கிறான். நான் வருத்தப்பட மாட்டேன், உன் கதை, உன் மேசை. கோபம் வந்தால் வாய்விட்டுத் திட்டு தாமரை, இத்தனை நாள் உழைப்பை இப்படிப் பண்ணிட்டியேம்மா என்று கத்து, கேட்டுக்கொள்கிறேன். பரவால்லம்மா என்று மட்டும் சொல்லாதே, அதை என்னால் தாங்க முடியாது. பதிப்பாளர்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சனிக்கிழமை உனக்குப் பதிலாக நானும் அப்பாவும் உன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். யாராவது வந்து இது யாருடையது என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரொம்பப் பேசாதீங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சாயம் கலக்கும்போது மூக்குக் கவசம் போட்டுக்கொள், மார்க் சொன்னான் நீ போடுவதில்லையாம். தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் அவனிடமே கொடுத்துவிடுகிறேன், பட்டறையில் எல்லாருக்கும் கொடு. போன காரியமெல்லாம் கைகூடி, கண்ணும் கையும் சுகமாக இருந்து, நீ நினைத்த கதையெல்லாம் எழுதி முடிக்க அந்த முருகன் உனக்குத் துணையாக இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா தனலெட்சுமி

பின்குறிப்பு: வெளியே நான் வைத்த பொட்டை கிஷன் எடுத்துவிட்டான், அது சரிதான். ஆனால் பூஜையன்று அப்பா உள்ளேயும் ஒன்று வைத்திருந்தார், லோரிக்கு வெளியே வைத்தாலும் ஸ்டியரிங்கில் தனியாக ஒன்று வைப்பாரே, அந்தப் பழக்கம். அதைத் துடைக்க வந்தபோது நான் விடவில்லை. மேசைமேல் இருக்கும்போது அது யாருக்கும் தெரியாது. நீ ஊருக்கு வந்து தலையில் போடும்போது உன் நெற்றியில் படும்.