வாங்குகிறவளின் முகம்

ஒக்ரோபர் 7, திங்கள்
நான் வேலை செய்யும் வெக்ஸ்போர்ட் பிறேம் கடைக்கு இன்று ஆறு பழைய படங்கள் பிறேம் போட வந்தன. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய லண்டன் பத்திரிகைப் படங்கள், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை. ஒரு சீமாட்டி கஞ்சி ஊற்றுகிறாள். சனம் கோப்பையோடு நிற்கிறது. அவளுடைய தொப்பிச் சரிகையைக்கூட எண்ணலாம். ஏழைகளுக்கு முகமே இல்லை, நாலு கீறல். முக்கியமான முகங்களை மூத்த கைகாரர் செதுக்க, மிச்சத்தைத் தொழில் பழகுகிறவர்கள் செய்வார்களாம். கொண்டுவந்த பேராசிரியை சொன்னா.

நல்ல நியாயம்! எனக்கேன் இவ்வளவு எரிச்சல்?

ஒக்ரோபர் 9
றெமிஜியஸ் அண்ணை வந்தார். மன்னாருக்கு உதவி செய்யும் சங்கத்தின் தலைவர். சனிக்கிழமைக்கு அடுத்த சனி விருந்தாம், மேடையில் வைக்க ஒரு பெரிய படம். "தங்கக் கலர் பிறேமாப் போடு பிள்ளை. முன்னூறு பேர் வருவினம்."

சுருளை விரித்தேன். பின்னால் சங்கத்தின் பனர். அவர் அரிசிப் பையை நீட்டுகிறார். வாங்குவது என் அக்கா. வேரோனிக்கா அக்கா!

அது என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. ரசீதை எழுதிக் கொடுத்தேன்.

ஒக்ரோபர் 10
அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அத்தான் காலை முறிச்சு மூண்டு மாசம், கடலுக்குப் போகேல்லை. நீ கவலைப்படுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

படம்? "பையைத் திருப்பித் திருப்பி மூண்டு தரம் வாங்கினனான். சிரிக்காதேங்கோ, பாவமா நில்லுங்கோ எண்டவை. யூஜினி, அங்கை வைக்க விடாதை. என்னோடை படிச்ச சனம் முழுக்க அங்கைதானே."

நாசமாய்ப் போக! அரிசி தருகிறாயா, அரிசியைத் தா. முகத்தை ஏன் பிடுங்குகிறாய்? — மூன்று மாதம் நான் எங்கே போயிருந்தேன்?

ஒக்ரோபர் 15
அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். வைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"உதில என்ன வெக்கம்? படம் காட்டாட்டி ஆர் குடுப்பினம்? உன்ரை அக்கா எண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

பெரிய மனசு!

ஒக்ரோபர் 17
படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையில் சன்னல் வெட்டுவது என் வேலை. சன்னலுக்குள் வருவதுதான் படம். இன்று ஒரு பக்கம் ஒன்றரை அடி குறைத்து வெட்டினேன். அக்கா அட்டைக்குப் பின்னால். விரல்நுனிகூடத் தெரியாது. வேலை போனால் போகட்டும்.

ஒக்ரோபர் 19, சனி
சண்டைக்குத் தயாராகத்தான் மண்டபத்துக்குப் போனேன். துணியை விலக்கினார்கள். அண்ணை, பனர், பாதிப் பை. அவ்வளவுதான்.

கைதட்டு! வாங்கினது யார் என்று முன்னூறு பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணை நேரே என்னிடம் வந்தார். நான் வாயைத் திறக்க முன்—

"கோவிச்சாலும் வேலையை வடிவாச் செய்திருக்கிறாய். நல்ல எடுப்பா இருக்கு பிள்ளை!"

அவருக்குமா தெரியவில்லை? பக்கத்தில் ஒருத்தி நின்றாளே, மனுசா!

அக்காவுக்குச் சொன்னேன். "மாதாவே" என்று அழுதா. எனக்குக் கொதி அடங்கவில்லை.

ஒக்ரோபர் 22
அண்ணை போன வருடத்துப் படத்தைக் கொண்டுவந்தார். இதற்கும் விருந்துப் படத்துக்குப் போட்ட மாதிரியே வேண்டுமாம். அரிசிப் பையோடு ஒரு கிழவர். அவர் பெயரைக் கேட்டேன்.

"ஆருக்கு ஞாபகம் பிள்ளை?"

கிழவர் நின்ற பக்கத்தை அளவெடுத்தேன்.

"சங்கத்தின்ரை மிச்சப் படங்களையும் கொண்டுவாங்கோ அண்ணை," என்றேன். "எல்லாத்தையும் நானே வெட்டித் தாறன்."