மூன்று நாள் புயலுக்குச் சமையல்

புருல்சா,

விடியலிலிருந்து பனி அள்ளியதில் தோள்பட்டை கழன்றுவிட்டது, எழுத்து இப்படித்தான் இருக்கும். பனி தள்ளும் வண்டியோடு டோலோன் கணவாய்க்குப் போகிறேன். பனிப்புயல் மூன்று நாள் நீடிக்குமாம்.

குதிரைக்கறி வாசலறையில் கல்லாய் உறைந்து கிடக்கிறது. கோடரியைத் தொடாதே, ஒரு துண்டை இப்போதே அடுப்பருகே வை. நாளைக்குக் கறிச்சாறு, மறுநாள் அதே சாற்றில் நூடுல்ஸ். மூன்றாம் நாளுக்கு நானே நூறு கறிக்கொழுக்கட்டை பிடித்து வைத்திருக்கிறேன். வடிவம் கேவலம்தான், சிரித்துக்கொண்டே வேகவை. என்னோடு பேசாவிட்டாலும் சிரிக்கலாமே.

சாயங்காலம் உன் அண்ணன் சாதிர் மந்தையோடு இங்கேதான் ஒதுங்குவார். நான் வரும்வரை அவரைப் போகவிடாதே.

பி.கு.: அன்றைக்கு விருந்தில், பெரியவருக்குரிய இடுப்பெலும்பை வைக்காமல், சின்னப் பசங்களுக்கு வைக்கிற விலா எலும்பை சாதிர் தட்டில் வைத்துவிட்டேன். "மச்சானுக்குத்தான் பல்லே இல்லையே"ன்னு கிண்டல் வேறு. "உங்க மூளையும் உறைஞ்சு போச்சா?"ன்னு நீ கேட்டது சரிதான்.

துணியில் சுற்றித் தொங்குகிற ஆட்டு இடுப்பெலும்பை மட்டும் சமைத்துவிடாதே. ஊர் பார்க்க என் கையாலேயே அவர் தட்டில் வைக்கணும். சாதிருக்கு நான் பட்ட அந்த எலும்புக் கடன் இன்னும் தீரவில்லை.