பாக்கியத்தின் தூக்குவாளி

1955 நவம்பர் 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. சலவைக்காரன் வரவில்லை. இருமல், முழங்கால் நோவு. எழும்ப மனமில்லை, எழும்பினேன்.

கொன்வென்டிலிருந்து ஆள் வந்தது. சனிக்கிழமை பழைய மாணவியர் கூட்டம். ஓர் ஆங்கிலப் பாட்டை எடுத்துத் தமிழில் விளக்க வேண்டுமாம், சிஸ்டர் அக்னஸ் கேட்கிறார். நாளாந்தம் செய்யும் சின்னச் சின்ன நன்மைகளைப் பற்றிய பாட்டு. விக்டோரியா மகாராணி காலத்தது. சிறுவயதில் நெட்டுருப் பண்ணியது, இன்றும் ஒரு சொல் பிசகவில்லை. பொருள் கடினமில்லை: பெரிய தியாகம் எல்லோருக்கும் வாய்க்காது, தாகத்துக்குத் தண்ணீரும் ஆறுதலாக ஒரு வார்த்தையும் போதும்.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வேலிக்கு மேலால் தூக்குவாளியை நீட்டினாள். மிளகு ரசம்.

"மாஸ்டரம்மா, ராத்திரி பூரா இருமுனீங்க. சூடா குடிங்க."

"உமக்கேன் இந்தக் கரைச்சல்? நான் வைப்பன்தானே."

"வைப்பீங்க. வச்சுட்டு அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே குடிப்பீங்க. இதையாவது உக்காந்து குடிங்க."

வாய் அதிகம். லொறிக்காரன் பெண்சாதிக்கு எனக்குச் சட்டம் சொல்லத் துணிவு. என் கணவர் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தபோது ஒட்டிய பெயர் இந்த மாஸ்டரம்மா. அவர் போயும் பெயர் போகவில்லை.

ரசம் நன்று. உப்புத்தான் கூடிவிட்டது.

நவம்பர் 8, செவ்வாய்

மழை விடவில்லை. தகரக் கூரையில் ஒரே இரைச்சல்.

பாட்டுக்குத் தமிழ்ச் சொல் அகப்படவில்லை. தயவு? மேலேயிருந்து கீழே விழுகிற சொல். அன்பு? எதற்கும் அதைத்தான் சொல்கிறார்கள். கருணை சுவாமிக்கு உரியது. உபகாரம்? யோசிக்க வேண்டும்.

வாங்க: மண்ணெண்ணெய், இருமல் மருந்து, வெள்ளை நூல்.

பிறர் பாத்திரம் இந்த வீட்டில் தங்குவதில்லை. வெறுமையாகப் போவதும் இல்லை. அம்மா காலத்துப் பழக்கம். தூக்குவாளியைக் கழுவித் துடைத்துச் சீனி நிரப்பினேன். மத்தியானத்திலிருந்து பக்கத்தில் பேச்சுக் குரல், லொறிச் சத்தம், கதவு அடிபடும் சத்தம். விருந்தாளிகள் என்று எண்ணினேன். படிக்க விடுகிறார்களா என்று எரிச்சல். குடையை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

வாசலில் அறியாத முகங்கள். ஒருத்தியிடம் நீட்டினேன். "பாக்கியத்திட்டக் குடும். ரசத்துக்கு என்று சொல்லும்."

அவள் மூடியைத் திறந்தாள். "என்னங்க இது, சீனியா?"

"சீனிதான்."

"எழவு வீட்டுக்குச் சீனி கொண்டாந்திருக்கீங்களே! என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? இங்கிலீசு படிச்சவுங்கன்னாங்க. நல்லாத்தான் படிச்சிருக்கீங்க."

இறந்தது பாக்கியத்தின் தாய். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், இன்று காலை.

பாக்கியம் உள்ளே தரையில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். மற்றவள் தூக்குவாளியை என் கையில் திணித்து, "கொண்டு போங்க" என்றாள். கொண்டு வந்தேன்.

அழுகை கேட்கவில்லை. மழை. கேட்டிருந்தாலும் எழும்பிப் பார்த்திருப்பேனோ தெரியாது.

நவம்பர் 10, வியாழன்

மழை சற்று ஓய்வு. பக்கத்து வீடு பூட்டு. எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

தூக்குவாளி சாப்பாட்டு மேசையில். சீனியில் எறும்பு. கொட்ட மனம் வரவில்லை.

பால்காரர் சொன்னது: "பாக்கியக்கா வர்றது சந்தேகந்தாங்க. அப்பா தனியாயிட்டாரு, இங்கயே இருந்துருன்னு அண்ணன்காரரு சொல்றாராம். லொறிக்காரரும் அங்கிட்டு வேல தேடுறாராம்."

எனக்கென்ன என்று சொன்னேன். அவரிடமல்ல, கதவைச் சாத்திய பின்.

பாட்டை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு அடியிலும் கொடுக்கிறவர்தான் நிற்கிறார். தண்ணீரை வாங்கிக் குடித்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் என்ன சொன்னார், கோப்பையை எப்படித் திருப்பிக் கொடுத்தார், ஒன்றுமில்லை. சிறுவயதில் இது கண்ணில் படவில்லை.

கஞ்சி வைத்தேன். நின்றபடி குடித்தேன். பாதியில் அவள் சொன்னது நினைவு வந்தது. இருந்து குடிக்கக் கதிரையை இழுக்கவில்லை.

நவம்பர் 12, சனி

கூட்டம். சாம்பல் சேலை. கொன்வென்ட் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

பாட்டு பிசகாமல் வந்தது. கை தட்டினார்கள். சிஸ்டர் அக்னஸ் உச்சரிப்பை மெச்சினார். சொல்லை உபகாரம் என்றே விட்டேன், திருப்தியில்லை. வாங்குகிறவரைப் பற்றிக் குறித்துப் போனதைப் பேசவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

தபால் கந்தோர்க்காரரின் மகள் கேட்டாள்: "அன்ரி, இப்பிடிச் செய்யிற ஆக்கள் இப்பவும் இருக்கினமோ?"

"இருக்கினம்."

"ஆர்?"

"தேத்தண்ணி ஆறுது பிள்ளை, குடியும்."

கேக் காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து சேலையோடு படுத்துவிட்டேன். இருமல் கூடிவிட்டது. இரவு பக்கத்து வீட்டில் வெளிச்சம் இல்லை.

நவம்பர் 15, செவ்வாய்

வெயில். துணி காயப் போட்டேன்.

பத்து மணி போல் அடுத்த வளவில் வாளிச் சத்தம். பாக்கியம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வந்துவிட்டாளாம்.

சீனியைக் கொட்டினேன். தூக்குவாளியைக் கழுவினேன். என்ன வைப்பது என்று கை வழக்கம்போல் அலுமாரிக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டேன். வெறும் வாளியோடு போனேன்.

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தாள். நானும் குனிந்தேன்.

"ஐயோ, கீழ உக்காராதீங்க மாஸ்டரம்மா! பெறகு எந்திரிக்க முடியாது."

"எழுப்பிவிட நீர் இருக்கிறீர்தானே."

இருந்தேன். தாயின் பெயர் கேட்டேன். மாரியாயி. இத்தனை காலம் வேலிக்கு அப்பால் இருந்தவளிடம் இதைக் கேட்டதில்லை.

"அன்னைக்கி மதினி பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க. அது வாய் அப்பிடி."

"அவ சொன்னது சரி."

"எங்கம்மா மட்டும் இருந்திருந்தா அந்தச் சீனியைத் திருப்பி விட்டிருக்காது. ஒளிச்சு வச்சு நக்கியிருக்கும். சீனின்னா உசுரு." சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. நான் கையைப் பிடித்தேனா, அவள் பிடித்தாளா, தெரியவில்லை.

வாளியைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

தோட்டத்துக்கே போய்விடுவாளோ என்று கேட்கத்தான் வந்தேன். அவளே சொன்னாள்: "அப்பாவை இங்க கூட்டியாந்துர்றோம். பதினாறு முடியட்டும், ஒங்களுக்கு ரசம் வைக்கிறேன். இன்னும் இருமுறீங்க."

"வையும்" என்றேன். "உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடும்."

கை கொடுத்து எழுப்பிவிட்டாள். போயிட்டு வாறன் என்று சொல்லாமல் வந்தேன். இழவு வீட்டில் அதைச் சொல்லக்கூடாது.