கடிகாரத்தின் மேல் போட்ட பழி

அன்புள்ள அக்கா,

வியாழக்கிழமை ஹெல்சிங்கியில் நாடாளுமன்றக் குழு முன் நீ பேசப்போவதாகப் பேப்பரில் பார்த்தேன். வருடம் இருமுறை கடிகாரத்தை மாற்றுவதை நிறுத்த வேண்டும், எல்லை ஆற்றின் இக்கரையில் நானிருக்கும் ஸ்வீடனுக்கும் அக்கரையில் நீயிருக்கும் பின்லாந்துக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று ஒன்பது வருடமாகக் கையெழுத்து வாங்குகிறாய். எல்லாம் அம்மாவின் கடைசி நேரத்துக்கு நான் வந்துசேராததால்.

அம்மா இறந்ததற்கு முந்தின நாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாய். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள வந்துடுடா. உங்க எட்டு இல்ல, எங்க எட்டு. விடியக்காலைல கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால போகுது, மறந்துடாதே."

நான் மறக்கவில்லை அக்கா. உங்கள் நேரப்படி ஏழரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டேன். அம்மாவை அந்த நிலையில் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒன்பது வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே வந்து, "கடிகாரத்த மாத்த மறந்துட்டேன்க்கா" என்றேன். நீ திட்டவில்லை. "உன் தப்பு இல்லடா, இந்தப் பாழாப்போன கடிகாரம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

உன் கோரிக்கை நியாயமானது, விட்டுவிடாதே. அம்மா கதையை மட்டும் அங்கே சொல்லாதே.

அன்று அம்மா என்னைத் தேடினாளா என்று இதுவரை நான் உன்னிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தேடினாளா?

மன்னிப்புக் கேட்கவும் கூசுகிற
உன் தம்பி