தட்டுக்கு மேலே கை

10 ஒக்டோபர் 2006, செவ்வாய்

புதுக் குசினிக்காரர் வந்துவிட்டார். யாகோப்பு அண்ணை, மன்னார் ஆள். இதற்கு முதல் இத்தாலியன் கடையொன்றில் வருசக்கணக்காய் நின்றவர். பெரிய மீசை. அந்த மீசையைக் கண்டதும் முதலாளி ஹெர் வீலான்ட் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இவர் போதும். பார்த்தாலே மெக்சிக்கோ!" சமைக்கத் தெரியுமா என்று கேட்கவேயில்லை.

இந்த முதலாளி மனிசன் 1987இல் ஒருமுறை அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோவுக்கும் அரிசோனாவுக்கும் சுற்றுலா போனவர். உடம்பு மட்டும்தான் இங்கே ஜேர்மனியில் எசனுக்குத் திரும்பி வந்தது. கூர்மூக்குச் சப்பாத்து, அகலத் தொப்பி, இந்த மெக்சிக்கோச் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர் 'சும் காக்டுஸ்', கள்ளியடி என்று அர்த்தம். வாசலில் நின்ற உண்மையான கள்ளி எசன் குளிரில் செத்து, இப்போது பிளாஸ்டிக் கள்ளி நிற்கிறது. நான் பூப்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு பரிமாறுகிறேன். சனம் என்னை மெக்சிக்கோக்காரி என்று நினைத்து ஸ்பானிய மொழியில் நன்றி சொல்லும். நானும் தலையாட்டுவேன். யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறதென்று விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள் சாப்பாடு ஆறிவிடும்.

போகும்போது முதலாளி ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். தை மாதத்துக்குள் சனம் சேராவிட்டால் கடையைச் சூரிய ஸ்ரூடியோக்காரனுக்குக் கொடுக்கப்போகிறாராம். காசு கொடுத்து, வெளிச்சத்துக்குக் கீழே படுத்து, தோலைக் கறுப்பாக்குகிற இடம். எங்களுக்கு இலவசமாய்க் கிடைத்ததை!

சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி நிலம் துடைத்துத் துடைத்து முதுகு போன பிறகு, நிமிர்ந்து நின்று செய்ய எனக்கு வாய்த்த வேலை இது ஒன்றுதான். திரும்பவும் வாளியும் துடைப்பமுமா? ஏலாது. என்னால ஏலாது.

13 ஒக்டோபர், வெள்ளி

வெள்ளிக்கிழமை என்று யாகோப்பு அண்ணை இறைச்சியை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. மணத்தை வைத்தே உப்புப் போட்டார். தூள் எங்களுடைய யாழ்ப்பாணத் தூள். சில்லி என்கிற இறைச்சிக்கறி, இரண்டு மேசைக்கும் ஒரே சட்டி. ஜன்னலோர மேசைக்காரர், "இதென்ன, பத்தியச் சாப்பாடா?" என்றார். பக்கத்து மேசைப் பெண்ணுக்குக் கண்ணால் மூக்கால் ஓடுகிறது. இரண்டு பேருக்கும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

18 ஒக்டோபர், புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

ஓஸ்ரர்காம்ப் என்று ஒரு வயதான தம்பதி, முதல்முறை வந்தவர்கள். சில்லி, சோறு, அவரை எல்லாம் வழித்துச் சாப்பிட்டார்கள். தட்டு கழுவத் தேவையில்லை, அப்படிப் பளிச்சென்று இருந்தது. பில் எடுக்கத் திரும்பினால், யாகோப்பு அண்ணை சட்டியும் அகப்பையுமாய் மேசையடியில் நிற்கிறார். கேட்கவில்லை, பார்க்கவில்லை — போட்டார். இரண்டு பேருக்கும். சிரித்துவிட்டுப் போனார்.

கிழவனும் கிழவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள். முடிந்தது. அண்ணை திரும்பவும் வந்தார். திரும்பவும் சாப்பிட்டார்கள். கிழவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நான் கிட்டப் போக, அந்தக் கிழவி அம்மா என் கையைப் பிடித்தா. "நாங்கள் போர்க்காலத்துப் பிள்ளைகள். தட்டில் மிச்சம் வைக்க எங்களால் முடியாது. தயவுசெய்து அவரை நிறுத்துங்கள்."

குசினிக்குள் ஓடினேன்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? அவைக்குக் காணும்!"

"காணுமெண்டால் தட்டில கொஞ்சம் மிச்சம் விட்டிருப்பினமே, பிள்ளை. இல்லாட்டிக் கையால மறைச்சிருப்பினம். ஒண்டும் செய்யேல்லை. பாவங்கள், எத்தினை நாள் பட்டினியோ."

பஸ்ஸில் வரும்போதுதான் முழுக்க விளங்கியது. எங்களுக்கு வெறுந்தட்டு என்றால் பசி. அவைக்கு மிச்சம் விட்டால் பாவம். நான் போய்ச் சட்டியைப் பறித்திருக்காவிட்டால் இரண்டு பக்கமும் மரியாதையாய் நடந்து நடந்தே அந்தக் கிழவனைக் கொன்றிருக்கும்.

19 ஒக்டோபர், வியாழன்

அண்ணையிடம் இனிமேல் அப்படிச் செய்யவேண்டாம் என்று சொன்னேன். ஓம் என்றார். செய்தார்.

22 ஒக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மகள் லாரா கொம்பியூட்டரில் எங்கள் கடையைப் பற்றிச் சனம் எழுதியதை வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்க அவள் கதிரையிலிருந்து விழப்போனாள்.

"ஐந்து நட்சத்திரம். ஒரு தட்டுக்குக் காசு கொடுத்தேன், மூன்று சாப்பிட்டேன்."

"ஒரு நட்சத்திரம். ருசிதான். ஆனால் என்னை வெளியே போக விடவில்லை."

"என் மனைவி தட்டை மேசைக்கு அடியில் ஒளித்தாள். மீசைக்காரர் கண்டுபிடித்துவிட்டார்."

"குழந்தைகளோடு போகலாம். பின்னேரம் வேறு வேலை இருந்தால் போகவேண்டாம்."

"அம்மா, நீங்கள் வேலை செய்யிறது ரெஸ்ரோரண்டோ, மறியலோ?" என்று கேட்கிறாள். சிறையாம். வாயைப் பார். ஆனால் முதலாளி இதை வாசித்தால்?

25 ஒக்டோபர், புதன்

வாசித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு இருத்தினார். "கோப்பி?" என்றார். "வேண்டாம்," என்றேன். கோப்பிப் போத்தலை மூடி அப்பால் வைத்துவிட்டார். வேலை கேட்டு வந்த முதல் நாளும் இப்படித்தான். நாங்கள் மரியாதைக்கு வேண்டாம் என்றால், இந்த நாட்டுச் சனம் உண்மையென்று நம்பிவிடும். எத்தனை வருசம் இங்கே இருந்தும் என் வாய்க்கு இது ஏறவில்லை. நல்ல மணமான கோப்பி.

"இந்தத் திரும்பத் திரும்பப் போடுகிற வேலை — இது மெக்சிக்கோ வழக்கமா?" என்று கேட்டார். குசினி ஜன்னலில் அண்ணையின் மீசை தெரிந்தது. இல்லையென்று சொன்னால் அந்த மனிசனுக்கு வேலை போகும், பிறகு கடையும் போகும். மாதாவே மன்னியும் — "யா," என்றேன்.

ஹெர் வீலான்ட் கண்ணை மூடினார். "ஞாபகம் வருகிறது," என்றார். "சன்ரா ஃபேக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. ஒரு கிழவர். எனக்கும் இப்படித்தான் போட்டார்!"

நான் சற்றுமுன் அவிழ்த்துவிட்ட பொய்யை இவர் இருபது வருசத்துக்கு முன்பே கண்டிருக்கிறார்.

இன்று பின்னேரமே கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்தாயிற்று: "அரிசோனா வழக்கம். போதுமென்றால் தட்டைக் கையால் மறைக்கவும்."

11 நவம்பர், சனி

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான மெக்சிக்கோப் பெண் ஒருத்தி சாப்பிட வந்துவிட்டா! இங்கே ஏதோ கொம்பனியில் வேலையாம். ஹெர் வீலான்டுக்குத் தலைகால் புரியவில்லை. கடை நடுவில் நின்று, "நீங்களே இவர்களுக்குச் சொல்லுங்கள், இது உங்கள் நாட்டு வழக்கம்தானே?" என்று உரக்கக் கேட்டார். நான் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவ நிதானமாய்ச் சாப்பிட்டு முடித்தா. "நல்ல ருசி. ஆனால் இது என்ன சாப்பாடு என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வழக்கமும் எங்களிடம் இல்லை."

ஹெர் வீலான்ட் இரக்கத்தோடு அவவின் தோளில் தட்டினார். "நீங்கள் வடக்குப் பகுதியாக இருக்கவேண்டும்."

அவ வடக்குத்தானாம்! சனம் எல்லாம் ஓகோ என்று தலையாட்டியது. அவவே கடைசியில் கொஞ்சம் குழம்பிப்போய், தெற்கில் ஒருவேளை இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனா. யாகோப்பு அண்ணை வாசல்வரை போய் அவவுக்கு ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தார்.

23 நவம்பர், வியாழன்

புதுத் தலையிடி. பலகையை வாசித்த சனம், முதல் தட்டு முடிந்ததுமே கையை வைக்கிறது. அண்ணை சட்டியோடு போவார், பத்து மேசையிலும் பத்துக் கை. சட்டியோடு திரும்புவார். இன்று குசினிக்குள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துவிட்டார்.

"என்ர சாப்பாடு சரியில்லை, பிள்ளை. நான் வேலையை விடப்போறன்."

"அண்ணை, விசர்க்கதை கதையாதையுங்கோ. அவைக்கு வயிறு நிறைஞ்சிட்டுது."

"ஒரு தரம் வேண்டாமெண்டால் வேண்டாமோ? எங்கட சனத்தில ஆராவது முதல் தரத்திலயே ஓமெண்டு சொல்லுவினமோ?"

"இவை சொன்னால் சொன்னதுதான்."

"அப்ப நான் எப்பிடியப்பா கண்டுபிடிக்கிறது, மரியாதைக்குச் சொல்லுகினமோ மெய்யாச் சொல்லுகினமோ எண்டு?"

இந்தாள் போனால் கடை போச்சு. கடை போனால் நான் போச்சு. யோசி, பிளோறன்ஸ், யோசி.

28 நவம்பர், செவ்வாய்

பலகையை அழித்து நானே எழுதினேன். லாரா பிழை திருத்தித் தந்தாள்: "முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது யோசிப்பதற்கு. மூன்றாவதுதான் வேண்டாம்." ஹெர் வீலான்ட் தாடையைத் தடவிக்கொண்டு நின்று வாசித்தார். இதையும் 1987இல் கண்டவராம்.

16 டிசம்பர், சனி

கதிரை இல்லை! வாசலில் சனம் குளிரில் நின்று "நைன்", வேண்டாம், என்று சொல்லிப் பழகுகிறது. கெகல் பந்து உருட்டி விளையாடுகிற கிழவர்கள் கூட்டம் ஒன்று நெஞ்சில் கைவைத்து, தலையைத் திருப்பி, நாடகம்மாதிரி மறுத்துவிட்டுப் பிறகு தட்டை நீட்டுகிறார்கள். ஓஸ்ரர்காம்ப் தம்பதி கிழமைக்கொருதரம் வருகிறார்கள். காலையில் சாப்பிடாமல் வருவார்களாம். ஒருவர் மட்டும் கோபப்பட்டு ஒரே மூச்சில் "நைன், நைன், நைன்" என்றார். அது ஒன்றாய்த்தான் கணக்கு என்று அண்ணை போட்டார். இன்னொரு ஒற்றை நட்சத்திரம். வரட்டும்.

9 ஜனவரி 2007, செவ்வாய்

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்.

ஹெர் வீலான்டுக்கு இடுப்பில் ஒப்பரேசன் செய்யவேண்டுமாம். இனிக் கடையில் நிற்க முடியாதாம். கடை நன்றாய் ஓடுகிறது, ஆனால் ஆள் வேண்டும். என்னை இருத்தி, நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டார். "பிளோறன்ஸ், கடையை நீங்கள் எடுத்து நடத்துகிறீர்களா? இல்லாவிட்டால் சூரிய ஸ்ரூடியோக்காரன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்."

மனசு ஓம் ஓம் என்று துள்ளுது. வாய் என்ன சொல்லிச்சுது? "ஐயையோ, நான் எங்கே, கடை எங்கே. எனக்கு வேண்டாம், ஹெர் வீலான்ட்."

"வருத்தம்தான்," என்றார். எழும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான். கோப்பி மாதிரி.

10 ஜனவரி, புதன்

நித்திரை இல்லை. இவ்வளவு பெரிய விசயத்தை ஒருதரம்தானா கேட்பது?

14 ஜனவரி, ஞாயிறு

"நீங்களே போய் யா எண்டு சொல்லுங்கோவன், அம்மா. என்ன பிரச்சினை?" லாராவுக்கு எல்லாம் லேசு. கேட்காமல் எப்படிப் போய்ச் சொல்வது? கடைக்கு அலைகிறாள் என்று நினைக்கமாட்டாரா? யாகோப்பு அண்ணைக்கு விளங்குது. "இன்னொருக்காக் கேப்பார், பிள்ளை. பொறும்," என்கிறார். அவருடைய மீசையும் தொங்கிப்போய்த்தான் இருக்கிறது.

19 ஜனவரி, வெள்ளி

நேற்றைய புயலில் ரயில் எல்லாம் நின்றது. வாசல் பிளாஸ்டிக் கள்ளி பறந்துபோய்ப் பஸ் தரிப்பில் கிடந்ததாம். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, பொல்லை ஊன்றி, நொண்டி நொண்டி ஹெர் வீலான்ட் வந்தார். மூச்சு வாங்க, ஓஸ்ரர்காம்ப் தம்பதிக்கு முன்னால் கேட்டார்: "யோசித்தீர்களா, பிளோறன்ஸ்?"

சொல்லிப் பழகித்தான் இருந்தேன். குளிக்கும்போதுகூட யா, யா என்று பழகினேன். ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள். "இல்லை, இல்லை, வேறு நல்ல ஆளாய்ப் பாருங்கள்" — என்ர வாயைத் தைக்க வேணும்! ஊசி எங்கே!

23 ஜனவரி, செவ்வாய்

சூரிய ஸ்ரூடியோக்காரன் வந்து சுவரை அளந்தான். மஞ்சள் முடி, மண்ணிற முகம். குசினி இருக்கிற இடத்தில் நான்கு கட்டில் வருமாம். அண்ணை அவனுக்கும் ஒரு தட்டுப் போட்டுக் கொடுத்தார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். வாளி மூலையில் நின்றது. அதைக் காலால் உதைத்தேன்.

26 ஜனவரி, வெள்ளி

கடை திறக்க முதல் நானும் அண்ணையும் குசினி மேசையில் சாப்பிட்டோம். அவரைக்கறியும் சோறும். துக்கத்திலும் வழித்துத்தான் சாப்பிட்டேன், இந்த நாட்டில் அதுவும் பழகிவிட்டது. ஹெர் வீலான்ட் பொல்லோடு உள்ளே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் வெறுந்தட்டைப் பார்த்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கடைப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார்.

"மூன்றாவது தரம்," என்றார். "பலகை எழுதியது நீங்கள்தான்."

யாகோப்பு அண்ணை மூச்சுவிடாமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இரண்டு கையும் மடியில்தான் கிடந்தன. ஒன்றும் தட்டுக்கு மேலே போகவில்லை.

வாய் மட்டும் ஏதோ சொல்ல வெளிக்கிட்டது. "பிள்ளை, வாயை மூடும்!" என்று அண்ணை கத்தினார்.

திறப்பில் கறி ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்தேன்.

30 ஜனவரி, செவ்வாய்

ஹெர் வீலான்ட் வந்தார், விருந்தாளியாய். பலகையை வாசித்துவிட்டு ஜன்னலோரம் இருந்தார். "கோப்பி?" என்றேன். வேண்டாம் என்றார். ஊற்றினேன்.