துண்டுக்கடியில் கனடா

1996 ஜனவரி 17

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் ஓசியாகக் கொடுத்த டைரி இது. என் தங்கை மகள் பொற்கொடிதான் எழுதச் சொன்னாள். "மாமா, நீங்க அளக்கிறதுல பாதியை இதுல அளந்துபோடுங்க. எங்க காதாவது தப்பிக்கும்" என்றாள். ஆனால் இதில் பொய் எழுதக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். இது என்ன நியாயம்?

சரி, உண்மையே எழுதுகிறேன். வெள்ளகோவில் மாட்டுத் தரகர் ஆறுச்சாமி என்றால் காங்கேயம், தாராபுரம், கரூர், மைசூர், பம்பாய் எல்லா ஊரிலும் தெரியும். (கரூர் வரை.) முப்பது வருஷத்தில் பத்தாயிரம் ஜோடி காளைகளைக் கைமாற்றி விட்டிருக்கிறேன். படிப்பு ஆறாவது. அஞ்சாவதை இரண்டு தரம் படித்ததால் ஏழாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

பொற்கொடி அப்படியில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. முடித்தவள். எங்கள் அப்பன் அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டினார். அவர் பேத்தி அந்த மண்ணைக் குப்பியில் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை. என் தங்கை சின்னத்தாயி சிங்காநல்லூர் மில்லில் ஷிப்டு பார்த்துப் படிக்க வைத்தாள். இப்போது அந்தப் பிள்ளை மேல்படிப்புக்குக் கனடா போக வேண்டும் என்கிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கோயமுத்தூருக்கே வந்து கடை போடுவதாகப் பேப்பரில் விளம்பரம்.

கடை போடுகிறார்கள் என்றால் அது சந்தை. சந்தை என்றால் நான் இல்லாமலா?

ஜனவரி 28

இன்றைக்கு நடந்ததை எழுத இந்த டைரி போதாது!

ரேஸ்கோர்ஸ் பக்கம் பெரிய ஓட்டல். ஏ.சி. போட்டு ஊட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா மேசை, லண்டன் மேசையில் எல்லாம் கூட்டம் முட்டுகிறது. மூலையில் ஒரு மேசையில் ஒரே ஒரு வெள்ளைக்காரர், செவசெவ என்று, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். கனடா, வில்லோ ரிவர் பல்கலைக்கழகமாம். பேர் டங்கன். மத்தியானம் வரை விலை கேட்க ஆள் வராத மாட்டுக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதே முகம்.

புஸ்தகம் ஒன்று கொடுத்தார். பளபளப்பு. நாலு பக்கத்திலும் ஒரே மணிக்கூண்டு. முன்னால் இருந்து, பின்னால் இருந்து, பனியில், வெயிலில். "இருக்கிறது ஒரு மாடு, நாலு பக்கமும் திருப்பிக் காட்டறான்" என்றேன். "மாமா, சும்மா இருங்க" என்று பொற்கொடி கிள்ளினாள்.

"அம்மணி, ஒண்ணே ஒண்ணு கேளு. பத்தாயிரம் மைல் தாண்டி எதுக்குப் புள்ளை தேடி வந்திருக்காரு? அவிய ஊர்ல புள்ளைகளே இல்லையா?"

அவள் பயந்துகொண்டே இங்கிலீசில் கேட்டாள். அந்த மனுசன் சிரித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். கவர்மெண்டு கொடுத்துவந்த பணத்தைக் குறைத்துவிட்டதாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து கட்டும் பீசில்தான் வகுப்பு நடக்க வேண்டுமாம். மொத்தப் படிப்புக்கும் அந்த ஊர்ப் பிள்ளைக்கு மூவாயிரம் டாலர், நம் பிள்ளைக்கு ஒன்பதாயிரம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டதற்கு, எங்கள் நாட்டில் முப்பத்தி நாலாவது இடம் என்றார். பொய் சொல்லத் தெரியாத தரகர்! பாவம்.

பொற்கொடிக்கு முகம் வாடிவிட்டது. நான் சொன்னேன்: "மழை பொய்ச்ச வருசத்துல நல்ல மாடும் சந்தைக்கு வரும் கண்ணு. இது பஞ்சத்துக்கு வந்த மாடு, நோவுக்கு வந்த மாடு இல்லை." டங்கன் பர்சிலிருந்து தன் மகள் போட்டோவைக் காட்டினார். அதே பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறதாம். தன் வீட்டுக் கன்றுக்கும் அதே தொட்டியில்தான் தண்ணி காட்டுகிறான். வேறென்ன சாட்சி வேண்டும்?

விலைதான் பாக்கி. சின்னத்தாயி பேரில் இருக்கும் வானம் பார்த்த ஒண்ணரை ஏக்கர் மேட்டாங்காட்டை அடமானம் வைத்தால் அஞ்சாயிரம் டாலர் தேறும். தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலை தருவார்களாம். அஞ்சுக்கு மேலே என்றால் ஆசையை விட்டுவிடுகிறேன் என்று பஸ்ஸில் வரும்போதே பொற்கொடி சொல்லிவிட்டாள்.

தோளில் இருந்த துண்டை எடுத்தேன். டங்கன் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டேன். வெள்ளகோவிலாக இருந்தால் என்ன, வெள்ளைக்கார ஊராக இருந்தால் என்ன, மாட்டு விலை வாயால் பேசுவதில்லை. ஒரு விரல் ஆயிரம். நான் நாலு விரலைப் பிடித்தேன். அவர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார். அப்புறம் அஞ்சு விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து, மேலும் கீழும் நாலு ஆட்டு ஆட்டினார், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

அஞ்சு! கை ஆட்டினால் முடிந்தது. அப்புறம் பேச்சே இல்லை. பொற்கொடி அங்கேயே விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தாள்.

ஓட்டலே எழுந்து நின்று கைதட்டியது. (காபி கொடுக்கிற பையன் மட்டும். ஆனால் பலமாகத் தட்டினான்.)

ஜனவரி 29

வலது கையில் இன்னும் சென்ட் வாசம் இருக்கிறது. கழுவவில்லை.

பிப்ரவரி 8

சந்தையில் மாட்டுச் சலங்கையும் கயிறும் விற்கும் ரசாக் கடையில் எனக்கு இன்று ராஜ உபசாரம். சொல்லச் சொல்லக் கூட்டம். வில்லோ ரிவர் உலகத்திலேயே மூணாவது என்றேன். பொற்கொடிக்காகப் பீசைப் பாதியாகக் குறைத்தார்கள் என்றேன். டங்கன் என் துண்டை ஞாபகமாகக் கேட்டார், நான்தான் தரவில்லை என்றேன்.

ரசாக், "ஏப்பா, போன வாரம் நாலாவதுன்னியே?" என்றான்.

"இந்த வாரம் ஒருபடி ஏறிருச்சு. இப்படியே போனா சித்திரைல கண்ணபுரம் தேருக்குள்ள முதலாவது."

சிரிக்கட்டும். கடைசியில் டீ வாங்கிக் கொடுத்ததும் அவன்தானே!

மார்ச் 3

சிங்காநல்லூர் போயிருந்தேன். பொற்கொடிக்குப் பல்லடத்துக் கோழித்தீவனக் கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும்.

"மாமா, அவரு நிசமாவே அஞ்சுன்னு சொன்னாருங்களா?"

"சொல்லலை கண்ணு. பிடிச்சாரு. சொன்னதைக் கூட மாத்தலாம், பிடிச்சதை மாத்த முடியுமா?"

அவள் ஆர்டரை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கோழித்தீவனம் போடவா படித்தாய், கடுதாசியைத் தூக்கி அக்கட்டால போடு என்றேன். சின்னத்தாயியும் "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மார்ச் 16

வேலைக்குச் சேரவில்லை. நாள் தாண்டிவிட்டது. நல்லது.

ஏப்ரல் 11

கனடாவிலிருந்து கடுதாசி. இடம் கொடுத்துவிட்டார்கள்! பொற்கொடி வாசிக்க வாசிக்க நான் துள்ளிக்கொண்டிருந்தேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஒன்பதாயிரம்.

இன்னொரு தரம் படி என்றேன். ஒன்பதாயிரம். அச்சில் தப்பு வந்திருக்கும் என்றேன். அவள் காகிதத்தை மடித்துக் கவரில் வைத்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள்.

சின்னத்தாயிதான் சொன்னாள். கத்தவில்லை. "ஏனுங்கண்ணா, அந்த மனுசனுக்கு உங்க விரல் பாஷை தெரியுமுங்களா? ஏதோ கும்புடறாருன்னு நெனச்சுக் கை குடுத்திருப்பாரு. அதை நம்பிப் புள்ளையோட வேலையைக் கெடுத்துப்போட்டீங்களே."

அடப் போச்சே. அதைப் பத்தி நான் நினைக்கவே இல்லையே. முப்பது வருசமா துண்டு போடறேன், எதுத்தாப்புல இருக்கிறவனுக்கு அது தெரியுமான்னு ஒருக்காலும் கேட்டதில்லை. தெரியாதவன் ஒருத்தன் உலகத்துல இருப்பான்னே தோணலையே. இந்தக் கையை என்ன பண்ணினா தேவலை?

ஏப்ரல் 14

மூணு நாளாகச் சந்தைக்குப் போகவில்லை. ரசாக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். கேலி பண்ணுவான் என்று பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏப்பா, துண்டு எதுக்குப் போடறோம்? வெலை வெளிய தெரியக் கூடாதுன்னுதானே? நீ துண்டை எடுத்த கையோட ஊரெல்லாம் சொன்னே பாரு, அப்பவே நெனச்சேன், இது வெளங்காதுன்னு."

"வாயி நிக்க மாட்டேங்குது, ரசாக்கு."

"அந்த வாய வெச்சு அந்தாளுக்கு ஒரு கடுதாசி போடு. நம்மகிட்டத்தானே அளக்கறே? அவுருகிட்டயும் அளந்து பாரு. போனா தபால் தலை."

அவன் மகள் ஃபர்சானா பி.எஸ்சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இங்கிலீசில் தட்டினாள். சுருக்கம் இதுதான்:

ஐயா, நான் போட்டது துண்டு. நீங்கள் பிடித்தது அஞ்சு விரல். எங்கள் ஊரில் அஞ்சு விரல் என்றால் அஞ்சாயிரம். தெரியாமல் பிடித்தீர்கள், தப்பு என்னுடையது. நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளை அதை நம்பிக் கையில் வந்த வேலையை விட்டுவிட்டது. வெள்ளகோவில் சந்தைக்கு மூவாயிரம் பேர் வருகிறார்கள். உங்கள் பல்கலைக்கழகம் உலகத்தில் மூணாவது என்று அத்தனை பேருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பேரைக் காப்பாற்றுவது இனி உங்கள் கையில்.

விலாசத்துக்காக வில்லோ ரிவர் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஃபர்சானா நிமிர்ந்து, "மாமா, அவங்க முப்பத்தி நாலாவதுன்னு இந்தப் புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்களே?" என்றாள்.

"அது அவிய சொல்றது கண்ணு. நான் சொல்றதை நீ அடி."

மே 2

தபால்காரர் இன்றைக்கும் "இல்லீங்க" என்றார். நான் இன்னும் தெருமுனைகூடத் திரும்பவில்லை, அதற்குள் சொல்கிறார்.

மே 19

பொற்கொடி பல்லடம் கம்பெனிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாளாம். வேறு ஆள் போட்டுவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னத்தாயி சொல்லித் தெரிந்தது.

ஜூன் 6

அடிச்சோம்டா! அடிச்சோம்!

சைக்கிளை மிதித்தேனா பறந்தேனா தெரியவில்லை, கடுதாசியோடு ரசாக் கடையில் போய் நின்றேன். ஃபர்சானா படித்தாள். என் கடுதாசியை டங்கன் அவர்களுடைய கமிட்டியில் வாசித்தாராம். இருபது நிமிசம் சிரித்தார்களாம். (கடுதாசியில் இருபது இல்லை. நானாகப் போட்டது. ஆனால் சிரித்தது நிசம்.) அந்தக் கமிட்டியில் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்த ஒரு அம்மா சிரிக்கவே இல்லையாம். "கை கொடுத்தது கொடுத்ததுதான்" என்று மேசையைத் தட்டினாராம். ஐம்பது வெளிநாட்டுப் பிள்ளைகள் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, கிடைத்தது பதினொன்று, கோயமுத்தூரில் பத்து நாள் உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் வாங்கியது பொற்கொடி ஒருத்தியிடம்தான், அவளையும் விடுவதா என்று டங்கன் கேட்டாராம்.

பீசைக் குறைக்கச் சட்டம் இல்லை. அதனால் பொற்கொடி மார்க்குக்கு நாலாயிரம் பரிசு என்று எழுதிவிட்டார்கள். ஒன்பதில் நாலு போனால் எத்தனை? என் அஞ்சு விரல்!

கடைசியில் இன்னொன்று. இந்தப் பக்கம் பிள்ளை சேர்த்துவிட ஆள் தேடுகிறார்களாம். தலைக்கு இவ்வளவு என்று தரகு. பொற்கொடிக்கும் சேர்த்து உண்டாம்.

ஜூன் 7

பதில் போட்டாயிற்று. தரகு வேலைக்குச் சம்மதம். ஆனால் பொற்கொடிக்கு வேண்டாம். வீட்டுக் கன்றுக்குத் தரகு வாங்கினவன் இந்தச் சந்தையில் எவனும் இல்லை.

ஜூலை 24

விசா வந்துவிட்டது. தெரு முழுக்கத் தேன்மிட்டாய். வில்லோ ரிவர் இன்றிலிருந்து உலகத்திலேயே முதலாவது.

ஆகஸ்ட் 21

பீளமேடு ஏர்போர்ட்டில் ஆயிரம் பேர். (இருபத்திரண்டு. வேனுக்கு அவ்வளவுதான் கொள்ளளவு.) சின்னத்தாயி பெட்டிக்குள் பருப்புப்பொடியும் கம்பளியும் திணித்துக்கொண்டே அழுதாள். "மாமா, துண்டு ஒண்ணு குடுங்க" என்றாள் பொற்கொடி. தோளில் இருந்ததையே கொடுத்தேன்.

"எதுக்கு கண்ணு, குளுருக்கா?"

"டங்கன் சாருக்கு. பாஷை தெரியாம எத்தனை நாளைக்கு வியாபாரம் பண்ணுவாரு?"

வெறும் தோளோடு ஊர் திரும்பினேன். ஏதோ கை ஒன்று குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் அழவில்லை. (அழுதேன்.)

1997 பிப்ரவரி 2

டைரி போன வருசத்தோடு முடிந்துவிட்டது. பின் அட்டையில் எழுதுகிறேன்.

அதே ஓட்டல், அதே மூலை. ஆனால் மேசை முன்னால் கூட்டம். எல்லாம் நான் சொல்லிச் சொல்லி வந்த கூட்டம். ரசாக் ஃபர்சானாவைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே வந்து நிற்கிறான். கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமாம். "ஏப்பா, உலகத்துலயே முதலாவதுதானே?" என்று இப்போது அவனே ஊராரிடம் சொல்கிறான்.

டங்கன் என்னைப் பார்த்ததும் எழுந்தார். தோளில் என் பழைய துண்டு. எதுவும் பேசாமல் என் கையை எடுத்து, துண்டை மேலே போட்டார். ஃபர்சானாவின் பீசுக்கு உள்ளே விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. தடுமாறவே இல்லை. நான் ஒன்றை மாற்றிப் பிடித்தேன். அவர் ஒன்றை விட்டார். பொற்கொடி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பேரம்கூடப் பண்ணுகிறார்! கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டினோம்.

"எத்தனைப்பா? எத்தனை?" என்று பின்னால் நின்ற ஊரே கேட்டது.

ரசாக்கை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னேன். "புள்ளைக்குப் பொட்டி வாங்கு."

எத்தனை விரல் என்று இதிலும் எழுத மாட்டேன்.