பதினொரு படகும் ஒரு பிரசவமும்

காரைக்கால்மேடு, 18 ஏப்ரல் 2007, காலை ஏழு மணி பத்து நிமிடம். ரிப்பேருக்கு நிற்கும் படகு ஜி.பி.எஸ். கருவிகள்: பதினொன்று.

பிரியாவுக்கு,

மூன்று நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அதனால் கடிதம். தப்பு என்னுடையதுதான். மீன்பிடித் தடைக்காலம் நாற்பத்தைந்து நாளும் வேலை இருக்காது, பிரசவம் வரை அரியலூரில் உன் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொன்னது நான். பிறகு வர முடியாது என்றதும் நான்.

அது வயல்காரன் கணக்கு. அறுப்பு முடிந்தால் ஓய்வு என்று நினைத்துவிட்டேன். தடை தொடங்கிய அன்றே படகுக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்த முதல் வருடம். யாரையும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

"போட்டு கடல்ல ஓடுறப்பவா ரிப்பேர் பாப்பாங்க? உங்க ஊரு சுரக்குடியில இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களோ?" என்று சிரித்தார் இரண்டு படகுக்குச் சொந்தக்காரரான குஞ்சம்மாள்.

நேற்றுதான் எனக்கு உறைத்தது. கரையில் நிற்க வேண்டியது படகு. கருவி எங்கே இருந்தால் என்ன? அரியலூருக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று படகுக்காரர்களிடம் சொன்னேன். முதலில் தலையாட்டியது குஞ்சம்மாள்தான்.

"தாராளமா கொண்டு போங்க தம்பி. மாமியார் வீட்டு விருந்துல என் மெஷினும் தேறி வரட்டும்."

ஆகவே:

1. வெள்ளிக்குள் பதினொன்றையும் கழற்றி, படகின் பெயர் எழுதி ஒட்டுவேன்.
2. சனிக்கிழமை முதல் பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.
3. அத்தையிடம் ஒரு மேசையும் ஒரு பிளக் பாயிண்டும் கேட்பேன். நீயும் சொல்லி வை.
4. உனக்கு வலி எடுத்தால் முதலில் சால்டரிங் அயர்னை அணைப்பேன். அடுத்த நொடி ஆட்டோ பிடிக்க ஓடுவேன்.

இப்படிக்கு,
உன் அவசரக்காரன்